பிள்ளை வளர்ப்பு தாயின் தனிக்கடனா?

‘பெற்றோர் சோர்வு’ என்னும் சொற்றொடர் அண்மைக்காலமாக நாளேடுகளின் குடும்பப் பக்கங்களில் அடிபடுகிறது. பிள்ளை வளர்ப்பின் ஓயாத சுமையால் உடலும் உள்ளமும் ஓய்ந்துபோதல், பெற்ற பிள்ளைகளிடமிருந்தே மனம் விலகிப்போதல், பெற்றோராய் இருப்பதில் மகிழ்ச்சி அற்றுப்போதல் ஆகியவற்றை அதன் அறிகுறிகளாக உளவியலாளர்கள் கூறுகின்றனர். பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் ஆகியோர் முன்னின்று 42 நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு, தனிமனிதவாதம் மேலோங்கிய செல்வ நாடுகளில் இச்சோர்வு மிகுதி என்று கண்டது. வருமானத்தின் உயர்வு மட்டும் இச்சுமையை இறக்கிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

நோய்க்குப் பெயரிட்டவர்கள் மருந்தும் சொல்கின்றனர்: கணவனும் மனைவியும் வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று. மருந்து தவறன்று. ஆனால் பகிர்வைத் தடுப்பது எது என்ற கேள்வியை அவர்கள் எழுப்புவதில்லை. கணவனின் சோம்பலும் மனைவியின் பொறுமையும் மட்டுமே அவர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அரசும் முதலாளியும் தெரிவதில்லை.

தெற்குத் தில்லியின் கிட்வாய் நகரை எடுத்துக்கொள்வோம். விடுதலைப் போராட்ட வீரர் ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு அது. கிழக்குப் பகுதியில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அருகிலுள்ள லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இயங்குகிறது. பணியின் பொருட்டு ஊர்விட்டு வந்த இத்தகைய குடும்பங்களுக்குப் பாட்டியும் அத்தையும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றனர். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் யார் விடுப்பு எடுப்பது? அந்தக் கேள்விக்கு வீட்டில் பேச்சு தொடங்கும் முன்பே விடுப்பு விதிகள் விடை எழுதிவிட்டன.

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2008 செப்டம்பர் முதல் மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு வழங்கப்பட்டது. உழைக்கும் பெண்களுக்குக் கிடைத்த அந்த உரிமை காக்கப்பட வேண்டியதே. ஆயினும் தந்தைக்குக் கிடைப்பது எவ்வளவு? 15 நாள் தந்தைமை விடுப்பு. 2018 டிசம்பரில் பராமரிப்பு விடுப்பு ஆண்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால் மனைவியை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், மணமாகாதவர் ஆகிய தனித்த தந்தையருக்கு மட்டுமே. மனைவி உயிரோடு உடனிருக்கும்வரை பிள்ளை வளர்ப்பு ஆணின் வேலையன்று என்பதே இவ்விதியின் பொருள். அதே திருத்தம் இரண்டாவது 365 நாட்களுக்கான ஊதியத்தையும் 80 விழுக்காடாகக் குறைத்தது. ஆக, பராமரிப்பதும் தாய். அதற்காக ஊதியம் இழப்பதும் தாய்.

பகிர்ந்துகொள்ள முன்வந்த தந்தையை அரசு எவ்வாறு நடத்தியது என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. மனைவியின் பேறுகாலத்துக்காக விடுப்பெடுத்த காவல் ஆய்வாளர் ஒருவர், விடுப்பு முடிந்ததும் பணிக்குத் திரும்பவில்லை என்று கூறி, பணியைக் கைவிட்டு ஓடியவராக அறிவிக்கப்பட்டார். 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாணையை ரத்து செய்ததோடு, தந்தைமை விடுப்புக்குத் தனிச்சட்டம் தேவை என்றும் வலியுறுத்தியது.

விளைவைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடம். 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் குடும்பத்தினரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகின்றனர், ஆண்களில் 21.4 விழுக்காட்டினரே. நாளைய உழைப்பாளியை வளர்த்துத் தரும் இந்த உழைப்புக்கு மூலதனம் ஒரு காசும் கொடுப்பதில்லை.

கிட்வாய் நகரின் தாய் தன் சுமையில் ஒரு பகுதியைக் கூலிக்கு இறக்கி வைக்கலாம். அதைத் தலையில் ஏற்பவள் கோட்லா முபாரக்பூர் போன்ற அண்டைப் பகுதிகளின் ஒற்றை அறைகளிலிருந்து வரும் வீட்டுப் பணிப்பெண். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது பழமொழி. அவளுடைய பிள்ளை உண்மையிலேயே தானே வளர்கிறது, பார்த்துக்கொள்ள ஆளின்றி. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் 26 வார விடுப்பையும், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தையும் உறுதி செய்தது. பிறர் வீடே பணியிடமான அவளுக்கு அச்சட்டம் இடம் தரவில்லை. அங்கன்வாடியோ சில மணி நேரமே இயங்குகிறது. அதை நடத்தும் பெண்கள் மதிப்பூதியத்தை உயர்த்தக் கோரி 2022இல் தில்லியில் 38 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, எஸ்மா சட்டம் ஏவப்பட்டது. 800க்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

பொன்முடியார் பாடிய 312ஆம் புறநானூற்றுப் பாடலை மேடைதோறும் மேற்கோள் காட்டுவோர், தாய்க்கும் தந்தைக்கும் கடன் வகுத்த அடிகளோடு நின்றுவிடுகின்றனர். அதே பாடல் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் கடன் வகுத்திருப்பதை மறந்துவிடுகின்றனர். போருக்கு ஆள் வேண்டிய அக்கால அரசுகூடத் தன் பங்கை ஒப்புக்கொண்டது. உழைப்புக்கு ஆள் வேண்டிய இக்கால அரசு, முழுக்கடனையும் தாயின் பெயரில் எழுதிவிட்டு நகர்கிறது.

இனி, தோழர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ‘இது அமைப்பின் கோளாறு, சமுதாயம் மாறினால் தீரும்’ என்று விளக்கிவிட்டு, உண்ட தட்டை அப்படியே விட்டு எழும் வழக்கம் கட்சிக் குடும்பங்களில் இல்லையா? 1919இல் எழுதிய ‘மாபெரும் தொடக்கம்’ என்னும் கட்டுரையில் பொது உணவகங்களையும் குழந்தைக் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் முளைகளாகக் கண்ட அதே லெனின், அடுத்த ஆண்டு கிளாரா ஜெட்கினுடன் உரையாடுகையில், மனைவியின் வேலையில் கைகொடுக்காத ஆண்களைக் கடுமையாகச் சாடினார். ஆண்டான் மனப்பான்மையைக் கட்சிக்குள்ளும் வேரறுக்க வேண்டும் என்றார். பொதுக் காப்பகத்துக்கான போராட்டமும் வீட்டு அடுப்படியில் பங்கேற்பதும் அவருக்கு ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. பராமரிப்பு விடுப்பு தாய், தந்தை இருவருக்கும் தனித்தனி உரிமையாக வேண்டும். ஒருவர் பங்கை மற்றவர் மேல் தள்ள இயலாதவாறு அது அமைய வேண்டும். ஊதிய வெட்டு நீங்க வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் அரசின் செலவில் முழுநாள் காப்பகம் வேண்டும். அங்கே அதிகாரியின் பிள்ளையும் பணிப்பெண்ணின் பிள்ளையும் ஒருசேர வளர வேண்டும். அங்கன்வாடிப் பெண்கள் அரசு ஊழியர்களாக அறிவிக்கப்பட வேண்டும்.

கட்சிக் கிளைகள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாலை ஏழு மணிக் கூட்டத்துக்குத் தோழர் வருகிறார். கட்சி உறுப்பினரான அவருடைய துணைவியார் பிள்ளையோடு வீட்டில் இருக்கிறார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று குறிக்கும் முன், அன்றிரவு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் முறை யாருடையது என்று கிளை கேட்கட்டும்.