ஒப்பந்தம் முடிஞ்சா கிளம்பிடணும்

ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒரு நிறுவனத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்புக்கு நடுவே செய்த வேலை. ஊழியர் இல்லை, ஃப்ரீலான்சர். ஜூன் 30-ம் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது. இரண்டு நாள் முன்னால் மேனேஜர் போன் செய்து, "ரினியூவல் பேப்பர் மேல போயிருக்கு தம்பி, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்றார். நானும் பார்த்தேன், பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. ரினியூவல் கிடையாதாம். காசு கேட்டால், "அந்தத் தேதிக்கு உங்களோட அக்ரிமென்ட்டே இல்லையே" என்று கை விரித்துவிட்டார்கள். அந்த செமஸ்டர் ஃபீஸுக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

நண்பர்கள் எல்லோரும் அந்த நிறுவனத்தைத்தான் திட்டினார்கள். நியாயம்தான். ஆனால் பாதித் தப்பு என்னுடையது என்பது என் கட்சி. முடிவுத் தேதி முதல் நாளே கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருந்தது. ஒரு மாதம் முன்பே "தொடருமா, தொடராதா?" என்று மெயிலில் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம். நம்மில் பலருக்கு இருக்கிற வியாதி இது.

சட்டக் கல்லூரியில் படிக்கும் நண்பன்தான் கண்ணைத் திறந்தான். "டேய், அக்ரிமென்ட் இல்லைன்னா காசு இல்லைன்னு எவன் சொன்னான்?" என்றான். இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அவர் ஈடு தர வேண்டும். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறதாம். ஆனால் நிரூபிக்க வேண்டுமே? என்னிடம் இருந்தது ஒரு போன் கால் மட்டும். பேசிப் பேசி ஒன்பது நாள் காசு வாங்கினேன்.

ஃப்ரீலான்சர்கள் குறுந்தொழில் என்று உத்யம் பதிவு செய்துகொள்ளலாம் என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். இலவசம்தான். வேலை தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். செய்திருந்தால், 2006-ம் வருடச் சட்டப்படி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கடைசி பில்லை இழுத்தடிப்பவர்களிடம் இதைச் சொன்னாலே குரல் மாறும் :-)

இன்னொன்று. ஊழியர் எழுதும் கோட் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்சர் எழுதியது அப்படி இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவரை, 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி அது எழுதியவருக்கே. அதனால் கிளம்பும்போது எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பாருங்கள்.

அதற்காக முறைத்துக்கொண்டு கிளம்பச் சொல்லவில்லை. கணக்கு வழக்கு, ஃபைல், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்படையுங்கள். டிடிஎஸ் பிடித்திருந்தால் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். அடுத்த வேலை பெரும்பாலும் பழைய ஆளின் சிபாரிசில்தான் வரும். ஆனால் முடிவுத் தேதிக்கு மறுநாள், எழுத்தில் ஒரு வரி வராமல், கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள்.

இப்போது வேறு ஒரு இடத்தில் மூன்று மாத வேலை. முடிய நாலு வாரம் இருக்கும்போதே மெயில் போட்டேன். "நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க" என்று பதில் வந்தது. யாரும் தப்பாக நினைக்கவில்லை. வளையலை மீட்டாச்சு.