கடைமுகத்தில் தமிழ், கைப்பேசியில்?

நாகூர் ஆண்டவர் தர்காவைச் சூழ்ந்த தெருக்களில் இனிப்பும் இறால் வாடாவும் விற்கும் சிறுவணிகர் கையிலும் இன்று கைப்பேசி உண்டு. கூகுள் நிலப்படத்தில் கடைப்பெயரையும் திறக்கும் நேரத்தையும் காசின்றிப் பதியலாம். வணிகர்க்கான வாட்சாப்பில் விலைப்பட்டியல் இடலாம். 2020 சூலையில் நடுவணரசு தொடங்கிய 'உத்யம்' சிறுதொழிற் பதிவும் கட்டணமற்றதே. அதற்கு இடைத்தரகர்க்குப் பணங்கொடுப்பது அறியாமை.

கருவிகள் நல்லன, கொள்வோம். ஆனால், அவற்றில் நம்மவர் இடும் எழுத்து எது? கடைப்பெயர் ஆங்கிலம், பட்டியல் ஆங்கிலம், தமிழை எழுதினும் ஆங்கில எழுத்து! ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றது. 'தமிழ் 99' விசைப்பலகை 1999-இல் வந்தது. எனவே குறை கருவியிலன்று, நம் உள்ளத்தில்! ஆங்கிலமறியாத் தாய் தமிழில் தேடினால் உங்கள் கடை அவள் கண்ணிற் படுமா? மொழியை விட்டவன் வாங்குவோரையும் விடுகிறான். வெளிமாநிலத்தார் வருவரே எனின், தமிழை முதலில் எழுதி, அவர்மொழியைக் கீழே எழுதுக, தடுப்பார் யார்?

1916-இல் தனித்தமிழ் முழக்கம் எழுப்பிய மறைமலையடிகள் பிறந்த நாகப்பட்டினம் நாகூருக்கு அடுத்த ஊரே. அம்மண்ணின் வணிகப் பெருமக்களே, இன்றே கடைப்பெயரைத் தமிழில் பதியுங்கள்! தமிழிளைஞரே, ஆளுக்கொரு கடைக்காரர்க்கேனும் உடனிருந்து உதவுங்கள்! முழக்கம் போதும், செயல் வேண்டும்.