ஓசி வேலை வாங்கும் 29-ந்தேதி!

நாலு வருடத்துக்கு ஒரு தடவை மாதச் சம்பளக்காரனை ஒருநாள் சும்மா வேலை வாங்கிவிடுகிறார்கள். யாரும் கொடி பிடிப்பதில்லை. கேட் வாசலில் கோஷம் கிடையாது. வேலை வாங்குகிற ஆசாமி முதலாளி அல்ல, சுவரில் தொங்கும் காலண்டர். தேதி, பிப்ரவரி 29!

கணக்கு ரொம்ப சுலபம். பிப்ரவரிக்கு 28 நாள் என்றாலும் 29 நாள் என்றாலும் குமாஸ்தாவுக்கு வருகிற சம்பளம் ஒன்றுதான். அந்தக் கூடுதல் நாளுக்கும் பஸ்ஸுக்குக் காசு வேண்டும், பால் பாக்கெட் வேண்டும், டிபன் டப்பாவில் சாதம் வேண்டும். சம்பளம் மட்டும் இல்லை. சம்பளத் தேதி வேறு ஒருநாள் தள்ளிப் போகிறது. மாதக் கடைசியில் ஒருநாள் எவ்வளவு நீளம் என்பது மளிகைக் கடையில் நோட்டுப் போட்டு வாங்குகிறவருக்குத்தான் தெரியும்.

"மத்த மூணு வருஷம் 28 நாளுக்கு முழுச் சம்பளம் வாங்கினியே, அது என்ன கணக்கு?" என்று முதலாளி மடக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வருடத்தில் 31 நாள் மாதங்கள் ஏழு இருக்கின்றன. அந்தப் பேச்சை மட்டும் அவர் எடுக்கமாட்டார்!

இதில் லாபம் பார்ப்பவர்களும் இல்லாமல் இல்லை. தினக்கூலிக்காரருக்கு ஒருநாள் கூலி கூடுகிறது. மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் பிப்ரவரியில் வாங்கிய அதே டிக்கெட்டில் ஒருநாள் கூடப் போய்வருகிறார். வாடகைக்கு இருப்பவர் 28 நாள் வாடகையில் 29 நாள் குடியிருக்கிறார். அடகுக்கடையில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அங்கே மாதம் என்றால் மாதம், வட்டி என்றால் வட்டி.

அரசு உத்தியோகத்தில் 1-ந்தேதி பிறந்தவர்கள் அதற்கு முந்தைய மாதக் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. 1964 மார்ச் 1 பிறந்தவர், 60 வயது கணக்கில் 2024 பிப்ரவரி 29 அன்று மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். உத்தியோகத்தின் கடைசி நாளும் ஓசி!

கோட்டையில் காணாமல் போன 11 நாள்

இந்தத் தேதியைப் புகுத்தியதற்குக் காரணம் பூமிதான். சூரியனை ஒரு சுற்றுச் சுற்றிவர 365 நாளும் ஏறக்குறைய 5 மணி 49 நிமிஷமும் ஆகிறது. அந்தச் சில்லறையை நாலு வருடம் சேர்த்துவைத்தால் கிட்டத்தட்ட ஒருநாள். முழு ஒருநாள் அல்ல, கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவைச் சரிக்கட்ட 1900-ல் பிப்ரவரி 29-ஐ விட்டுவிட்டார்கள். 2000-ல் உண்டு. 2100-ல் இல்லை.

நம்ம ஊர்ப் பஞ்சாங்கத்துக்கு இந்தத் தலைவலியே கிடையாது. சூரியன் எந்த ராசியில் எத்தனை நாள் இருக்கிறதோ அதுதான் மாதம். ஆனி 32 நாள்கூட ஓடும். மார்கழி 29 நாளில் முடியும். மிச்சம் மீதி எல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.

வெள்ளைக்காரன் கணக்குதான் அடிக்கடி உதைத்தது. 1752-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந்தேதிக்கு மறுநாளை 14-ந்தேதி என்று அறிவித்தார்கள். இடையில் 11 நாள் மாயம்! அந்தச் சட்டம் ஆசியாவில் இருந்த இங்கிலீஷ் ராஜாவின் இடங்களுக்கும் சேர்த்துப் போட்டது. ஆக, சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் அந்த 11 நாள் கிடையாது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். நாள் குறைந்ததைச் சாக்காக வைத்து வாடகை, தவணை எதையும் முன்கூட்டிக் கேட்கக் கூடாது என்று அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். நாளைக் குறைத்தபோது இருந்த அந்த அக்கறை, நாளைக் கூட்டும்போது எங்கே போயிற்று?

சட்டம் இந்தத் தேதியை அறியாததல்ல. மைனர் எப்போது மேஜராகிறார் என்று சொல்லும் 1875-ம் ஆண்டு இந்தியச் சட்டம், 1852 பிப்ரவரி 29-ல் பிறந்த ஒருவரையே உதாரணத்துக்கு இழுத்தது. கோர்ட்டு கார்டியன் போட்டிருந்தால் அந்தக் காலத்தில் 21 வயது. அவர் 1873 பிப்ரவரி 28 பிறந்த நொடியிலேயே மேஜர் என்று தீர்த்துவிட்டது. சொத்து விஷயமென்றால் எவ்வளவு உஷார் பாருங்கள்!

ஒரே தேதியில் இரண்டு பேர்

மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நாலு வருடம் கழித்து 1900 வந்தது, பிறந்தநாள் வரவில்லை. 1904 வரை, எட்டு வருடம் காத்திருந்தார். அவருடைய முதல் 'அசல்' பிறந்தநாளான அதே 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் சென்னையில் கலாட்சேத்திராவை உண்டாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல்!

கதை அதோடு முடியவில்லை. 1977-ல் பிரதமரான மொரார்ஜி, ஜனாதிபதி பதவிக்கு நிற்கச் சொல்லி ருக்மிணி தேவியைத்தான் கேட்டார். அம்மையார் வேண்டாம் என்றுவிட்டார். சரி என்றிருந்தால் நாட்டின் முதல் இரண்டு நாற்காலிகளிலும் 29-ந்தேதிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெண் ஜனாதிபதிக்காக நாடு 2007 வரை காத்திருக்கவும் வேண்டியிருக்காது. 99 வயது வரை வாழ்ந்த மொரார்ஜிக்கு அசல் பிறந்தநாள் வந்தது 23 தடவைதான்.

இந்தத் தேதியை நம்பியே பிழைப்பு நடத்தும் பத்திரிகையும் ஒன்று உண்டு. பிரான்ஸில் 'லா பூஜி தியு சாப்பர்' என்று பெயர். 1980-ல் ஆரம்பித்தது. பிப்ரவரி 29 அன்று மட்டும் வரும். 2024-ல் வந்தது 12-வது இதழ். 2004-ல் அந்தத் தேதி ஞாயிறாக அமைந்ததால் ஞாயிறு மலர் வேறு போட்டார்கள். அடுத்த ஞாயிறு மலர் 2032-ல்! தினம் மத்தியானம் அச்சுக்கு அனுப்ப அல்லாடும் மாலைப் பத்திரிகைக்காரர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடத்தான் முடியும்.

அரசாங்கம் வருடாவருடம் லீவு பட்டியல் போடுகிறது. அதில் ஏப்ரல் 1 அன்று பாங்கிகளுக்கு லீவு, ஆண்டுக் கணக்கு முடிக்க. பாங்கி கணக்குக்கே ஒருநாள் ஒதுக்கும்போது, பூமி தன் கணக்கை நேர்செய்துகொள்ளும் நாளுக்கு ஒரு வரி சேர்த்தால் என்ன குடி முழுகிவிடும்? அதுவும் நாலு வருடத்துக்கு ஒன்று. கடைகள் திறந்திருக்கட்டும், கூலிக்காரருக்கு அன்றைய கூலி கிடைக்கட்டும். மாதச் சம்பளக்காரன் மட்டும் சம்பளம் இல்லாத நாளில் வீட்டில் இருக்கட்டும்.

அடுத்த பிப்ரவரி 29, 2028-ல் செவ்வாய்க்கிழமை. இப்போதிருந்தே மனு எழுத ஆரம்பித்தால் அதற்குள் ஃபைல் நகர்ந்துவிடும். அதைத் தவறவிட்டால் 2032. அது ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே லீவு. அதற்கும் ஆபீசில், "சே, ஞாயித்துக்கிழமையில போய் விழுந்துடுச்சே, ஒரு லீவு போச்சு!" என்று நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள்.