ஒரே கோஷ்டி, இரண்டு மன்னர்கள்! பெரிய பெயர் யாருக்கு?

அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்து சங்கத்தில் 30 கோஷ்டிகள் இருக்கின்றன. அந்த 30 கோஷ்டிகளுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. 6-ம் எண் போட்ட சட்டையைப் புதிதாக யாருக்கும் கொடுக்கக் கூடாது!

2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்த உத்தரவு வந்தது. ஏற்கனவே அந்த எண்ணை அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடர்ந்து அணியலாம் என்றார்கள். சங்கம் முழுவதற்கும் ஒரு எண்ணை ஒதுக்கி வைத்தது அதுவே முதல் தடவை.

அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் பில் ரஸ்ஸல். கருப்பர் இனத்தவர். 2022 ஜூலை 31-ந்தேதி, 88 வயதில் காலமானார்.

அவருடைய கோஷ்டியிலேயே இன்னொரு மன்னரும் இருந்தார். பெயர் பாப் கூசி. வெள்ளைக்காரர். அவருடைய எண் 14. அந்த எண்ணை அவருடைய சொந்தக் கோஷ்டி மட்டுமே ஒதுக்கி வைத்திருக்கிறது.

இருவரும் ஆடியது பாஸ்டன் நகரத்து செல்ட்டிக்ஸ் கோஷ்டிக்காக. 7 பருவங்கள் தோளோடு தோள் நின்று ஆடினார்கள். அந்தக் காலத்தில் பாஸ்டன் நகரம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது கூசியைத்தான். இன்றோ ரஸ்ஸலின் பெயர் உயரே போய்விட்டது. தராசு எப்படி இப்படிச் சாய்ந்தது? இது சரியான எடைதானா?

ஏழை வீட்டுப் பிள்ளைகள்

கூசி 1928-ல் நியூயார்க் நகரத்தில் பிறந்தார். பிழைப்புத் தேடி பிரான்சு நாட்டில் இருந்து வந்த ஏழைக் குடும்பம். வீட்டில் பேசியது பிரெஞ்சு மொழி. சிறு வயதில் மரத்தில் இருந்து விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு சும்மா இருக்க முடியுமா? இடது கையால் பந்தைத் தட்டப் பழகினார். கை குணமானபோது இரண்டு கையாலும் ஆடத் தெரிந்தவராகி இருந்தார்!

ரஸ்ஸல் 1934-ல் லூசியானா மாநிலத்தில் மன்ரோ என்ற ஊரில் பிறந்தார். அங்கே கருப்பர்கள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஒரு நாள் அவருடைய தாயார் நல்ல உடை அணிந்து தெருவில் போனார். ஒரு போலீஸ்காரர் வழிமறித்தார். "வெள்ளைக்காரப் பெண்ணைப் போல உடுத்தலாமா? வீட்டுக்குப் போய்க் கழற்று" என்று விரட்டினார். இந்த அவமானங்கள் பொறுக்காமல் அந்தக் குடும்பம் கலிபோர்னியாவில் ஓக்லந்து நகரத்துக்குக் குடி போயிற்று. அங்கே, ரஸ்ஸலுக்கு 12 வயது நடக்கும்போது தாயார் இறந்துவிட்டார்.

இருவரும் பள்ளிக்கூடத்தில் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்! கூசியைப் பள்ளிக் கோஷ்டியில் சேர்க்காமல் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். ரஸ்ஸலும் ஒரு தடவை நீக்கப்படும் நிலையில் இருந்தார். ஆசிரியர் ஒருவர் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார். 15 உடைகள்தான் இருந்தன. ரஸ்ஸல் 16-வது பையன். ஒரே உடையை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

தொப்பிக்குள் இருந்த சீட்டு

1950-ம் ஆண்டு சிக்காகோ நகரத்துக் கோஷ்டி ஒன்று கலைந்தது. அதில் மூன்று வீரர்கள் மிச்சம். நியூயார்க், பிலடெல்பியா, பாஸ்டன் ஆகிய மூன்று ஊர்க் கோஷ்டிகளும் அவர்களுக்குப் போட்டி போட்டன. கடைசியில், பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார்கள். மற்ற இருவர் முதலில் போய்விட்டார்கள். பாஸ்டனுக்குக் கடைசியாகக் கிடைத்தவர் கூசி!

பாஸ்டன் பயிற்சியாளர் ரெட் அவர்பாக்குக்கு அவர் மீது அவ்வளவாகப் பிரியம் இல்லை. முன்பே தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தும் அவரை வேண்டாம் என்று விட்டவர் அவர். ஆனால் கூசி ஆடத் தொடங்கியதும் ஊரே வாய் பிளந்தது. ஒரு பக்கம் பார்ப்பார். பந்து இன்னொரு பக்கம் பறக்கும். முதுகுக்குப் பின்னால் பந்தைத் தட்டுவார். மந்திரவாதி என்றே ரசிகர்கள் அழைத்தார்கள்.

மற்றவர் கூடையில் போடுவதற்கு வாகாகப் பந்தைக் கொடுப்பதில் தொடர்ந்து 8 பருவங்கள் அவரே முதல்வர். 1953-ல் சிரக்யூஸ் கோஷ்டியுடன் நடந்த ஒரு போட்டி முடிவு தெரியாமல் 4 தடவை நீடிக்கப்பட்டது. அதில் கூசி மட்டும் 50 புள்ளிகள் எடுத்தார்!

இத்தனையும் இருந்தது. சாம்பியன் பட்டம் மட்டும் வரவில்லை.

தடுப்பதும் ஒரு கலை

1956-ல் ரஸ்ஸல் வந்தார். 6 அடி 10 அங்குல உயரம். சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு 1955, 1956 இரண்டு ஆண்டுகளும் கல்லூரிப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம் பெற்று, டிசம்பர் மாதம் பாஸ்டன் வந்து சேர்ந்தார். அவரைப் பெறுவதற்காக அவர்பாக் இரண்டு நல்ல ஆட்டக்காரர்களைச் செயின்ட் லூயி கோஷ்டிக்கு விட்டுக் கொடுத்தார்.

கூடையில் போடுவதில் ரஸ்ஸல் பெரிய சூரர் அல்ல. பிறர் போடும் பந்தைத் தடுப்பதில் அவருக்கு நிகர் இல்லை. மற்றவர்கள் தடுத்தால் பந்து ரசிகர் கூட்டத்துக்குள் போய் விழும். எதிரிக்கே மறுபடியும் பந்து கிடைக்கும். ரஸ்ஸல் அப்படிச் செய்யமாட்டார். மெதுவாகத் தட்டித் தன் கோஷ்டிக்காரர் கையிலேயே விழச் செய்வார்.

கூடையில் விழாமல் திரும்பும் பந்தைத் தாவிப் பிடிப்பார். பிடித்த அடுத்த விநாடி பந்து கூசியிடம் போகும். எதிரிகள் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுமுனையில் கூடை நிரம்பும்! ஒருவர் மதகு, மற்றவர் வாய்க்கால். இரண்டும் சேர்ந்தபோதுதான் பயிர் விளைந்தது.

1957-ல் செயின்ட் லூயி கோஷ்டியையே கடைசிப் போட்டியில் 125-123 என்று வென்று முதல் பட்டம் கிடைத்தது. அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது கூசிக்குக் கிடைத்தது. பிறகு அதே விருதை ரஸ்ஸல் 5 தடவை பெற்றார்.

கணக்கு என்ன சொல்கிறது?

வெற்றிக் கணக்கைப் பார்ப்போம். ரஸ்ஸல் இல்லாமல் கூசி ஆடியது 6 பருவங்கள். பட்டம் ஒன்று கூட இல்லை. இருவரும் சேர்ந்து ஆடியது 7 பருவங்கள். பட்டங்கள் 6. கூசி 1963-ல் விலகிய பிறகு ரஸ்ஸல் ஆடியது 6 பருவங்கள். பட்டங்கள் 5.

ஆக, 13 பருவங்களில் 11 பட்டங்கள் ரஸ்ஸலுக்கு! கடைசி இரண்டு பட்டங்களை, 1968, 1969 ஆண்டுகளில், ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து வென்றார். அந்தச் சங்கத்தில் ஒரு கோஷ்டிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் கருப்பர் அவர்தான். அவர் விலகிய அடுத்த பருவத்தில் பாஸ்டன் கோஷ்டி இறுதிச் சுற்றுகளுக்கே போகவில்லை.

வெற்றியை மட்டும் நிறுத்தால் தட்டு ரஸ்ஸல் பக்கமே தாழும். இதில் சந்தேகம் இல்லை. ஆனால் வெற்றி மட்டுமா சொத்து?

தொழிலாளிக்கு ஒரு சங்கம்

அந்த நாளில் ஆட்டக்காரர்களின் நிலை பரிதாபமானது. ஓய்வூதியம் கிடையாது. பருவத்துக்கு முன்னால் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கண்காட்சி ஆட்டங்கள் ஆட வைப்பார்கள். மைதானத்தில் ஏதாவது முணுமுணுத்தால் நடுவர் 15 டாலர் அபராதம் போடலாம்!

1954-ல் கூசி துணிந்து ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு கோஷ்டியிலும் பெயர் பெற்ற ஒரு வீரருக்குக் கடிதம் எழுதினார். "நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும்" என்றார். ஒரு கோஷ்டி தவிர மற்ற எல்லாரும் சம்மதித்தார்கள். கூசியே முதல் தலைவர் ஆனார். முதலாளிகள் மூன்று ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 1957-ல் சங்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. முணுமுணுப்பு அபராதமும் ஒழிந்தது.

1964-ல் பாஸ்டனில் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் போட்டி நடக்க இருந்தது. "ஓய்வூதியத்துக்கு உறுதி கொடுத்தால்தான் மைதானத்தில் கால் வைப்போம்" என்று ஆட்டக்காரர்கள் அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். உறுதி கிடைத்தது. அப்போது கூசி ஆட்டத்தை விட்டு விலகி இருந்தார். அவர் நட்ட மரம்தான் அன்று காய்த்தது. இன்று முன்னணி வீரர்கள் ஆண்டுக்குப் பல கோடி டாலர் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் கூசியின் கடிதங்களுக்கும் பங்கு உண்டு.

காபிக் கடையில் அவமானம்

ரஸ்ஸல் நடத்திய போராட்டம் வேறு. அது மனிதனாக மதிக்கப்படுவதற்கு நடந்த போராட்டம்.

1961-ல் கெண்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரத்துக்கு ஒரு கண்காட்சி ஆட்டத்துக்காகப் போனார்கள். தங்கி இருந்த ஓட்டலின் காபிக் கடையில், கோஷ்டியைச் சேர்ந்த இரண்டு கருப்பு வீரர்களுக்கு உணவு கொடுக்க மறுத்தார்கள். ரஸ்ஸலும் மற்றக் கருப்பு வீரர்களும் ஆட மறுத்து விமானம் ஏறிவிட்டார்கள். எதிர்க் கோஷ்டியின் கருப்பு வீரர்களும் ஆடவில்லை. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. வெள்ளை வீரர்களை வைத்து நடத்தி முடித்தார்கள்.

தென் மாநிலங்களில்தான் இந்தக் கொடுமை என்று எண்ண வேண்டாம். பாஸ்டனுக்குப் பக்கத்தில் ரெடிங் என்ற ஊரில் ரஸ்ஸல் குடும்பத்துடன் இருந்தார். ஒரு நாள் வீட்டுக்குள் புகுந்து கோப்பைகளை உடைத்தார்கள். சுவரில் இனத்தைப் பழித்து எழுதினார்கள். படுக்கையையும் அசுத்தம் செய்தார்கள். யாருடைய ஊருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தாரோ, அந்த ஊர்ப் பக்கத்திலேயே அவருக்கு இந்தக் கைம்மாறு!

ரஸ்ஸல் அடங்கிப் போகவில்லை. 1963-ல் வாஷிங்டனில் நடந்த மாபெரும் உரிமைப் பேரணிக்குப் போனார். 1967-ல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி போருக்குப் போக மறுத்தபோது, அவர் பக்கம் நின்று பேசினார்.

இரண்டு வழியனுப்பு விழாக்கள்

1963-ல் கூசிக்கு வழியனுப்பு விழா நடந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. கூசி பேச முடியாமல் அழுதார். பேச்சு நின்ற அமைதியில், உச்சி வரிசையில் இருந்து ஒரு ரசிகர் தம் அன்பைச் சொல்லிக் கத்தினார். கூட்டமே ஆர்ப்பரித்தது.

1972-ல் ரஸ்ஸலின் 6-ம் எண்ணைக் கூரையில் ஏற்றினார்கள். அப்போது அரங்கத்தில் ரசிகர்களே இல்லை! கதவு திறக்கும் முன்பே, பழைய தோழர்கள் மட்டும் சூழ நடத்த வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். தாம் ஆடியது செல்ட்டிக்ஸ் கோஷ்டிக்காகத்தான், பாஸ்டன் நகரத்துக்காக அல்ல என்பது அவர் எண்ணம். 1999-ல்தான் பொதுமக்கள் முன்னிலையில் மறுபடி விழா நடந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ரஸ்ஸல் கண் கலங்கினார். 2013-ல் நகரசபை மைதானத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

2011-ல் ரஸ்ஸலுக்கும் 2019-ல் கூசிக்கும் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. அது அமெரிக்கப் பொதுமக்களுக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த விருது. கூசிக்கு அப்போது வயது 91.

ஒரு கிழவரின் கடிதம்

கூசி கெட்ட மனிதர் அல்ல. 1950-ல் சக் கூப்பர் என்ற கருப்பு வீரர் கோஷ்டியில் சேர்ந்தார். வட கரோலினாவில் ஒரு ஓட்டல் அவருக்கு அறை தர மறுத்தது. கூசி தானும் அங்கே தங்காமல், கூப்பருக்குத் துணையாக நள்ளிரவு ரெயில் ஏறினார். கல்லூரியில் அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியதே, சிறுபான்மையோர் படும் கொடுமைகளைப் பற்றித்தான்.

ஆனால் ரஸ்ஸல் அவமானப்பட்ட ஆண்டுகளில் கூசி அவர் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. அவரே கோஷ்டித் தலைவர். ஊரே அவர் பேச்சைக் கேட்கும். இருந்தும் வாய் திறக்கவில்லை. இந்த நினைவு முதுமையில் அவரை உறுத்தியது. ஒரு பேட்டியில் இதைச் சொல்லும்போது விம்மி அழுதார். 2016-ல், 87 வயதில், ரஸ்ஸலுக்கு ஒரு கடிதம் எழுதினார். "உங்கள் வேதனையில் இன்னும் அதிகமாகப் பங்கு கொண்டிருக்க வேண்டும்" என்பதே அதன் சாரம்.

ஆறு பட்டம் வென்றவர், ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் கண்டவர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தம் தவறை ஒப்புக்கொண்டார். தம் தட்டில் எடை குறைவு என்பதை அவரே சொல்லிவிட்டார்.

தராசு ரஸ்ஸல் பக்கம் சாய்ந்தது நியாயமே. ஆட்டத்திலும் அவர் எடை அதிகம். அதற்கு அவர் கொடுத்த விலையும் அதிகம். ஆனால் வேலை செய்பவனின் உரிமைக்கு முதலில் குரல் கொடுத்த பெருமை கூசியுடையது. அதை யாரும் பறிக்க முடியாது.

பாஸ்டன் அரங்கின் கூரையில் இரண்டு எண்களும் தொங்குகின்றன. வீட்டில் பிள்ளைகள் "இவர்களில் யார் பெரியவர்?" என்று கேட்டால், பட்டங்களின் எண்ணிக்கையோடு அந்தக் கடிதத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவன் அவமானப்படும்போது அன்றைக்கே பேசிவிட வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியும்.