"ப்ளேட்லெட் எவ்வளவுங்க டாக்டர்?"

வார்டு வாசல்ல, போன்ல, இன்பாக்ஸ்ல எனக்கு வர்ற ஒரே கேள்வி இதுதான். "பிசிவி எவ்வளவுங்க?"னு இதுவரை ஒருத்தர்கூட கேட்டதில்லை. டெங்குவில் உயிர் போகுமா, நிக்குமான்னு முன்கூட்டியே சொல்றது பெரும்பாலும் அந்த ரெண்டாவது எண்தான்.

2017 அக்டோபரை சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டீங்க. ஓமலூர், எடப்பாடி, ராசிபுரம்னு எல்லாப் பக்கமிருந்தும் காய்ச்சலோட சேலத்துக்கு வந்தாங்க. அந்த வருஷம் அரசுக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு, 65 மரணம். வீட்டுக்கு வீடு பேச்சு மட்டும் ப்ளேட்லெட், பப்பாளி இலைச்சாறு.

டெங்குவில் ரத்தக்குழாய்ச் சுவர் ஒழுக ஆரம்பிக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். குழாய்க்குள்ள மிச்சம் இருக்கும் ரத்தம் கெட்டியாகும். அந்தக் கெட்டித்தன்மையைக் காட்டுவதுதான் பிசிவி. முதல்ல 38 இருந்தவருக்கு 46 ஆயிடுச்சுன்னா 20% ஏறிடுச்சு, கசிவு நடக்குதுன்னு அர்த்தம். அப்போ அவருக்குத் தேவை மணிக்கு மணி அளந்து ஏற்றும் சலைன். ப்ளேட்லெட் பை இல்லை. பப்பாளி இலை அந்தக் கசிவை அடைக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை.

அந்த சீசனில் நான் பார்த்த ஒரு இளைஞர். ப்ளேட்லெட் 85,000. "காய்ச்சல் விட்டுருச்சுங்க, கவுன்ட்டும் பரவால்ல"ன்னு முதல்ல சேர்த்த இடத்தில் டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. அதே ரிப்போர்ட்டில் பிசிவி 52. பேனாவால் வட்டம் போட்டிருந்தது ப்ளேட்லெட்டுக்கு மட்டும். மறுநாள் எங்ககிட்ட வரும்போது கை கால் சில்லுனு, நாடி பிடிபடலை. காப்பாத்த முடியலை.

அதே வார்டில் 18,000 ப்ளேட்லெட்டோட இருந்த ஒரு அம்மா, ஒரு பைகூட ஏத்தாம நாலாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனாங்க.

இது என் அனுபவம் மட்டுமில்ல. சிங்கப்பூர், மலேசியா மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2017ல் லான்செட்டில் வந்தது. ரத்தக்கசிவு இல்லாம, ப்ளேட்லெட் 20,000 அல்லது அதுக்குக் கீழ போன பெரியவங்களில் ஒரு பாதிக்கு ப்ளேட்லெட் ஏத்தினாங்க, மறுபாதிக்கு ஏத்தலை. ஏத்தினதால ரத்தக்கசிவு குறையலை. பக்கவிளைவுதான் கூடுச்சு.

அப்புறம் ஏன் இன்னும் ஏத்துறோம்? எங்க ஆட்களையும்தான் சொல்றேன். சொந்தக்காரங்க கூட்டமா வந்து சத்தம் போட்டா, ஒரு பை ஏத்திவிட்டு வாயடைக்கிறது சுலபம். டோனர் தேடி ராத்திரி முழுக்க ஈரோடு வரைக்கும் அலையுற அந்த நேரத்தில் நோயாளியோட பிரஷரை யார் பார்க்குறாங்க?

காய்ச்சல் விட்ட அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்தான் கண்டம். வயிற்றுவலி, நிக்காத வாந்தி, சோர்ந்து சாயுறது, ஈறில் ரத்தம், சிறுநீர் குறையுறது, இதில் ஒண்ணு இருந்தாலும் கவுன்ட் என்னன்னு பார்க்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க.

இன்னொண்ணு. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ப்ளேட்லெட் வரியை மட்டும் கட் பண்ணி அனுப்பாதீங்க. முழுப் பக்கமும் அனுப்புங்க, முதல் நாள் எடுத்த ரிப்போர்ட்டையும் சேர்த்து.