இளவேனில் எழுதுகிறவர்களுக்கு

சித்திரை பிறந்தால் போதும், நம்மவர்கள் கட்டுரை எழுதத் தொடங்கிவிடுவார்கள். வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும் வாசல், மொட்டைமாடியில் காயும் கூழ்வற்றல், கறுப்புக் குடையை விரித்துக் காக்கைக்குக் காவலிருந்த பால்யம், வெட்டிவேர் மணக்கும் மண்பானைத் தண்ணீர், நுங்கு, மாவடு, பொழுது சாயும் வேளையில் கடலிலிருந்து வரும் காற்று. புறநகரில் அரை கிரவுண்டு மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய தமிழாசிரியர்களுக்கு இது ஒரு வருடாந்தர நேர்த்திக்கடன். தாம்பரத்துக்குக் கிழக்கே செம்பாக்கத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கும் நானும் அக்கடனைத் தவறாது செலுத்தி வந்தவன்தான். என் பெயரில் இப்படி நான்கு கட்டுரைகளாவது இருக்கின்றன. ஒன்றில் 'இளவேனில் என்பது ஒரு பருவமன்று, ஒரு மனநிலை' என்றுகூட எழுதித் தொலைத்திருக்கிறேன். அவற்றை இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தை நான் மட்டும் வைத்துக்கொள்வது நியாயமாகாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அக்கட்டுரைகளின் இலக்கணத்தைச் சற்றுக் கவனியுங்கள். கூழ் கிண்டப்படும், வற்றல் பிழியப்படும், பானகம் கரைக்கப்படும், மாங்காய் நறுக்கப்பட்டு உப்பில் ஊறவைக்கப்படும். எல்லாம் செயப்பாட்டுவினை. செய்தவர் யார் என்பது வாக்கியத்தில் எங்கும் வராது. அப்படியே வந்தாலும் இறந்துபோன பாட்டியாக வருவார். 'பாட்டியின் கைமணம்' என்ற தொடருக்குள் அடங்கி, கண் கலங்கவைத்து, மறைந்துவிடுவார். உயிரோடு இருக்கிற, இந்த நிமிடம் அடுப்பருகே நிற்கிற, கழுத்து வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொள்கிற பெண்ணுக்கு இளவேனில் இலக்கியத்தில் இடமில்லை. 'காயும்', 'மணக்கும்', 'வரும்' என்று முடிகிற வாக்கியங்கள் இன்னும் வசதியானவை. அவற்றில் பொருள்கள் தாமாகவே எல்லாவற்றையும் செய்துகொள்கின்றன!

2024 மே மாதம், கத்திரி தொடங்கிய மறுநாள். ஞாயிற்றுக்கிழமை. படுக்கையறையில் ஏசியை இருபத்தைந்தில் வைத்துவிட்டு நான் ஐந்தாவது இளவேனில் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன். மணி ஒன்றிருக்கும். தண்ணீர் எடுக்க வெளியே வந்தவன், சமையலறையில் என் மனைவி குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னே தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. அப்பளம் பொரிச்சேன், கொஞ்சம் தலை சுத்துச்சு. நீங்க போய் எழுதுங்க, பத்து நிமிஷத்துல இலை போட்டுடறேன்."

மருத்துவமனைக்கு ஓடும்படி எதுவும் நேரவில்லை. உப்பும் எலுமிச்சையும் போட்டு மோர் குடித்தாள், சற்று நேரம் படுத்தாள், சரியாகிவிட்டது. ஆனால் அன்று அடுப்பை அணைக்கப் போன நான் அந்த அறையில் ஐந்து நிமிடம் நின்றேன். அதற்குமுன் எத்தனையோ முறை அங்கே போயிருக்கிறேன், நின்றதில்லை. மறுநாள் ஒரு சுவர் வெப்பமானி வாங்கி வந்து மாட்டினேன். பகல் ஒரு மணிக்கு, இரண்டு அடுப்பும் எரியும்போது, அது நாற்பத்தொன்று காட்டியது. பதினைந்தடி தள்ளி, ஒரு சுவருக்கு அப்பால், நான் மனநிலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அறையில் இருபத்தைந்து.

இந்தப் பதினாறு பாகை வித்தியாசத்துக்கு வெயில் மட்டுமே காரணமன்று என்பதுதான் நான் சொல்ல வந்தது. எங்கள் சமையலறை எட்டடிக்கு ஏழடி. வாஸ்து சொன்னபடி அக்னி மூலையில் அமைந்தது. அதற்கு ஒரே சன்னல். சன்னலுக்கு வெளியே மூன்றடிச் சந்து, பிறகு பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர். அந்தச் சந்தில், சன்னலுக்கு இரண்டடி தள்ளி, எங்கள் படுக்கையறை ஏசியின் அவுட்டோர் யூனிட் பொருத்தப்பட்டிருந்தது (செயப்பாட்டுவினை என் பேனாவை விடாது போலும், பொருத்தச் சொன்னவன் நான்தான். முன்பக்கம் வைத்தால் வீட்டின் அழகு கெடும் என்று மெக்கானிக்கிடம் சொன்னது நினைவிருக்கிறது). ஏசி குளிரை உண்டாக்கும் எந்திரமன்று. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து, தான் தின்ற மின்சாரத்தின் வெப்பத்தையும் அதோடு சேர்த்து, வெளியே தள்ளுவது அதன் வேலை. ஆறு கோடைகளாக என் அறையின் வெப்பத்தை வட்டியும் முதலுமாக அவள் சன்னலில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். மின்விசிறி போட்டால் அடுப்புச் சுடர் அலைகிறது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கென்று கட்டும்போதே விட்ட வட்டத் துளையில் பதினான்கு ஆண்டுகளாக ஓர் அட்டை செருகியிருக்கிறது. மாதத் தவணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று வைத்த அட்டை.

மேலே கான்கிரீட் தளம். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. அந்நாள்களில் வீட்டில் அதிகம் சுடுவது சுவரன்று, கூரை. பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் இரவு நெடுநேரம் வரை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். கட்டுரைகளில் தவறாமல் வீசும் கடற்காற்று, கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர மாலையாகிவிடும். மேல்காற்று வலுத்த நாளில் வராமலும் போகும். வந்தாலும் அது மொட்டைமாடிக்குத்தான் வரும். மாலைச் சிற்றுண்டிக்கு அடுப்பு மூட்டியவளுக்கு அதில் என்ன பங்கு?

ஒவ்வொரு கோடையிலும் 'பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை வெளியே செல்லாதீர், வீட்டுக்குள் இருங்கள்' என்ற அறிவுரை வருகிறது. நல்ல அறிவுரை, வெயிலில் உழைப்பவருக்கு அது எட்டாக்கனி என்பது வேறொரு பெரிய வழக்கு, அதை இங்கே இழுக்கவில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்தது. ஆனால் வெப்பம் என்றாலே அது வீட்டுக்கு வெளியே இருப்பது, வீடு என்றாலே நிழல் என்ற எண்ணம் நம் மூளையில் அசையாமல் கிடக்கிறது. அதே அறிவுரைப் பட்டியலில், உச்சிவெயில் நேரத்தில் சமைப்பதைத் தவிர்க்க வேண்டும், சமைக்கும் இடத்தில் கதவு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்த வேண்டும் என்றும் ஒரு குறிப்பு உண்டு. அதை யாரேனும் வாசித்துக் காட்டி நான் கேட்டதில்லை. வாசித்திருந்தால், ஒன்றரை மணிக்குச் சுடச்சுடச் சோறு, குழம்பு, இரண்டு கறி, அப்பளம் என்ற நம் ஞாயிற்றுக்கிழமை என்ன ஆவது!

2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81.2, ஆண்கள் 26.1. அப்படி ஈடுபட்ட பெண் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம், ஆண் 97. அந்த நிமிடங்களைச் சித்திரையில் எந்த அறையில் கழிக்கிறார்கள் என்பதை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அதே 2019இன் கோடையில்தான் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு லாரி இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் குடத்தோடு நின்றவர்கள் பெண்கள். அந்த ஆண்டும் நான் நுங்கைப் பற்றித்தான் எழுதினேன்.

இலக்கியம் படித்தவர்களின் குற்றம் மற்றவர்களுடையதைவிடப் பெரிது என்பேன். குறுந்தொகையின் 167ஆம் பாட்டை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் உண்டா? புதுமணப்பெண் தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை மையுண்ட கண்ணை நிறைக்கிறது. தானே துழாவிச் சமைத்த மோர்க்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. போய்ப் பார்த்துவந்த செவிலி நற்றாயிடம் சொல்வதாக அமைந்த முல்லைப்பாட்டு. இருபது ஆண்டுகளாக இதை நடத்திவருகிறேன். 'இல்லறத்தின் இனிமை' என்று கரும்பலகையில் எழுதி, கணவனின் ஒற்றைச் சொல்லுக்கும் மனைவியின் மலர்ச்சிக்கும் பாதி வகுப்பைச் செலவிடுவேன். புகைக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கியதில்லை. கூடலூர் கிழார் புகையை மறைக்கவில்லை. அதைப் பார்த்து, கவலையோடோ பெருமிதத்தோடோ சொல்வதற்கு வளர்த்த தாயின் கண்ணை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். உரை சொல்லிச் சொல்லிப் புகையைக் கலைத்துவிட்டது நாம். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுதி வந்தது 1988இல். ராஜஸ்தானத்துக் குடும்பமொன்றில் நடக்கும் அக்கதையைப் பெண்ணியம் என்ற தலைப்பின்கீழ் வினாத்தாளில் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம். விடைத்தாள் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து திருத்துகிறோம். தேநீர் வருகிறது. (யார் கொண்டுவந்தார் என்று கேட்காதீர்கள், தேநீர் வரும்.)

மறுப்புகள் எனக்குத் தெரியும். முதல் மறுப்பு என் வீட்டிலேயே, என் அம்மாவிடமிருந்து வந்தது: "நாங்க விறகடுப்புல ஊதி ஊதிப் பொங்கலையா? இப்ப கேஸ் அடுப்பு, மிக்சி எல்லாம் இருக்கு, அப்பவும் நோவுதுன்னா எப்படிப்பா?" அம்மா வாழ்ந்தது திண்டிவனத்துக்கு அருகே ஒரு கிராமத்தில். புகை இருந்தது, உண்மை. இருமலும் இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குத் திறந்த முற்றமும் புழக்கடையும் இருந்தன. மாசி முடிந்ததும் அடுப்பு வெளியே வந்துவிடும். புங்கமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி உலை வைப்பார்கள். நெல் அவிப்பதும் கூழ் கிண்டுவதும் திறந்தவெளியில், விடியுமுன். பகலில் பல நாள் பழைய சோறும் மோரும் வெங்காயமும்தான். கோடைக்கேற்ப வீட்டுக்குள் வேலை இடம் மாறியது, உணவு மாறியது. புறநகருக்கு வந்த நாம் முற்றத்தை மூடிக் கூடமாக்கினோம், புழக்கடையைக் கார் நிறுத்தக் கொடுத்தோம், மரத்தைச் சருகு விழுகிறதென்று வெட்டினோம், பழைய சோற்றை ஏழ்மையின் அடையாளம் என்று விட்டோம். வற்றலை மட்டும் விடவில்லை. கிராமத்துக் கோடையில் நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, அதைச் செய்தவர்களுக்கு இருந்த நிழலைக் கழித்துவிட்டோம்.

இரண்டாவது மறுப்பு நண்பர்களுடையது. பெண்கள் இதை விரும்பிச் செய்கிறார்கள், வற்றல் போடுவதில் அவர்களுக்கொரு களிப்பு உண்டு, அதையும் பறிப்பீரோ என்பது. களிப்பு உண்டு, மறுக்கவில்லை. நான்கைந்து வீட்டுப் பெண்கள் விடியற்காலை மாடியில் கூடி, பழைய வேட்டியை விரித்து, அச்சில் பிழிந்தபடி ஊர்க்கதை பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் முந்தின இரவு அரைத்துவைத்தவளும், நாலு மணிக்கு எழுந்து அடிப்பிடிக்காமல் கூழைத் துழாவியவளும், ஏழு மணிக்கு இறங்கிவந்து வழக்கமான இட்லியை ஊற்றியவளும் அவளேதான். விருப்பம் என்கிறவர்கள் அந்த விருப்பத்தைத் தாங்களும் ஒரு சித்திரை பரிசோதித்துப் பார்க்கட்டும். அச்சைப் பிழிய மணிக்கட்டில் எவ்வளவு வலு வேண்டும் என்பது எனக்குச் சென்ற ஆண்டுதான் தெரிந்தது. நான் பிழிந்தவை ஓமப்பொடியாகவும் இல்லை, முறுக்காகவும் இல்லை.

'சமையலறைக்கும் ஏசி வைக்கச் சொல்கிறீரா' என்று கேலி செய்த நண்பருக்கு: வேண்டாம், ஐயா. அவுட்டோர் யூனிட்டை மாடிக்கு ஏற்றக் குழாய் நீட்டியதும், அட்டையை எடுத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தியதும், தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்ததும் எல்லாமாகச் சேர்ந்து அந்த ஆண்டு நான் புத்தகக் கண்காட்சியில் வாங்கியதைவிடச் சற்றுத்தான் கூடுதல். ஒரு கட்டுரை எழுதும் நேரத்தில் முடிகிற வேலை. பதினான்கு ஆண்டு ஏன் முடியவில்லை என்பதற்கு, எனக்கு அங்கே சுடவில்லை என்பதைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை. இப்போது வெப்பமானி ஒரு மணிக்கு முப்பத்தாறு காட்டுகிறது. சித்திரை, வைகாசியில் பகல் சமையல் பத்து மணிக்குள் முடிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அடுப்பு என்னுடையது. முப்பத்தாறும் சூடுதான். ரசம் கொதித்து நுரை கூடும் வரை நிற்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

இவ்வாண்டு வீட்டில் வற்றல் போடவில்லை. மனைவி வேண்டாமென்றாள், நான் போடுகிறேன் என்றதற்கு, "அதைவிட வேண்டாம்" என்றாள். கடையில் அரைக்கிலோ வாங்கி வந்தோம். அம்மாவுக்கு அதில் உப்புக் குறைவாம்.