சில்லறையில் வெள்ளி தேடுவோரும் பாட்டிமார் பெட்டிகளும்



வெள்ளியின் விலை கிலோ ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாயைக் கடந்ததிலிருந்து நம் ஊர்ப்புறத்து இளைஞர் சிலரிடம் புதியதொரு பழக்கம் தொற்றியிருக்கிறது. கடையில் மீதியாகப் பெறும் சில்லறையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள். வங்கியில் நாணயப் பை வாங்கி வந்து பாயில் கொட்டி, ஆண்டு பார்த்துப் பிரிக்கிறார்கள். வெளிநாட்டுக் காணொளிகளைக் கண்டு கற்றுக்கொண்டது இது. ஓத வரும் பிள்ளைகளின் தமையன்மார் இருவர் மூவர், "ஹஜ்ரத், இப்படிக் கிடைக்கும் வெள்ளி நமக்கு ஹலாலா?" என்றும் கேட்டனர். ஹலால், ஹராம் எதில் என்று சொல்லுமுன், வெள்ளி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது நலம்.

இன்று நம் வங்கிகள் தரும் பையில் வெள்ளி இல்லை. பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. பத்து ரூபாய் நாணயம் இரு உலோகக் கலவை. அவற்றுக்கு முன் புழங்கியவை செம்பும் நிக்கலும் கலந்தவை. வெள்ளி நம் சில்லறையை விட்டு நீங்கி ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆகின்றன.

அது நீங்கிய விதம் அறியத்தக்கது. 1835 முதல் 1939 வரை அச்சான ஆங்கிலேயர் கால ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தனி வெள்ளி மட்டும் 10.69 கிராம். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது மக்கள் தாளை நம்பாமல் வெள்ளி ரூபாயைப் பதுக்கினர். அரசு 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. மீதிக்குச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தன. ஒரு ரூபாய்த் தாளும் வெளிவந்தது. பழைய ராணித் தலைக்காசும் ராஜா தலைக்காசும் அடுத்த சில ஆண்டுகளில் செல்லாக்காசாக்கப்பட்டு அரசால் திரும்பப் பெறப்பட்டன. 1947ஆம் ஆண்டிட்டு வந்த புலி உருவ ரூபாயோ முழுக்க நிக்கல். நல்ல காசைப் பெட்டியில் வைத்து, மட்டமான காசைக் கடையில் நீட்டுவது மனித இயல்பு. எகிப்தில் செப்புக் காசுகள் பெருகி வெள்ளித் திர்ஹம்கள் மறைந்ததை இமாம் மக்ரீஸி அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வருத்தத்தோடு எழுதிவைத்தார்.

பழைய வெள்ளிக் காசு என்றதும் குர்ஆன் ஓதுவோர் நினைவுக்கு வருவது குகைவாசிகள்தான். உறங்கி எழுந்தவர்கள் தங்களுள் ஒருவரை வெள்ளிக் காசோடு நகருக்கு அனுப்பி, தூய உணவைத் தேடி வாங்கி வரச் சொன்னதை ஸூரத்துல் கஹ்ஃப் கூறுகிறது. அக்காசு முற்கால மன்னனுடையது என்பதைக் கடைக்காரர் கண்டுகொண்டதால்தான் அவர்களின் செய்தி வெளிப்பட்டது என்கின்றனர் விரிவுரையாளர்கள். கையிலிருந்த காசின் வயதை அறியாதவர் காசுக்குரியவர்; அறிந்தவர் கடைக்காரர். இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லப்போகும் செய்தி அதைச் சுற்றியே அமைந்தது.

அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே 1964 வரை அச்சான பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட், அரை டாலர் காசுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. 1965 முதல் 1970 வரையிலான அரை டாலரில் நாற்பது. அவை இன்றும் செல்லுபடியாகும் பணம். ஆகையால் வங்கியில் அரை டாலர்ச் சுருள்களை வாங்கிப் பிரித்துப் பார்ப்போர் அங்கே உண்டு. அங்கு வாழும் நம் சகோதரர்கள் அப்படித் தேடினால் அதில் குற்றம் காண நமக்கு வழியில்லை. வங்கி எழுதிய மதிப்புக்குத் தெரிந்தே தருகிறது. வாங்குபவர் எதையும் மறைக்கவில்லை, பொய் சொல்லவில்லை. தாள் கொடுத்துக் காசு பெறுவது கைக்குக் கை முடிகிறது. நேரம் வீணாகிறதே என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். பையில் வெள்ளி இல்லை என்று இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்ட இளைஞர் சும்மா இருப்பதில்லை. சில்லறையில் இல்லாத வெள்ளி முதியவர்களின் தகரப் பெட்டியில் இருக்கிறது, சுருக்குப்பையில் இருக்கிறது, காசுமாலையில் கோக்கப்பட்டிருக்கிறது. தேடல் அங்கே திரும்புகிறது. இளம்பிள்ளையிலிருந்து சேலம் போகும் சாலையில் சிவதாபுரத்தைக் கடந்தால் வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை. செவ்வாய்ப்பேட்டைக்குப் போனால் எந்த வெள்ளியையும் எடைபோட்டு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார். தறி ஓட்டிக் கண் மங்கிய பாட்டியிடம் "பழைய செல்லாக்காசுதானே நன்னி, ஒன்றுக்கு நூறு ரூபாய் தருகிறேன்" என்று வாங்கி, மாலையே பட்டறையில் ஆயிரத்துக்கு மேல் பெறுவது அரிய வித்தை அன்று. கிராம் நூறு ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும் ஒரு காசில் ஆயிரத்து அறுபத்தொன்பது ரூபாய்க்கு வெள்ளி இருக்கிறது.

இது வியாபாரமா? "செல்லாக்காசு" என்ற சொல் உண்மை. கடையில் அது செல்லாது. ஆயினும் அந்த உண்மையைச் சொல்லி இன்னோர் உண்மையை மறைப்பதே அங்கு நடப்பது. இதற்கு நேரான வழிகாட்டல் ஹதீஸில் இருக்கிறது. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தாரை அவர்கள் சந்தையை அடையுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து விலையறிந்தால் விற்பனையை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நம் ஹனஃபி நூல்களும் சந்தை விலையை மறைத்து வாங்குவதை வெறுக்கத்தக்கது என்றே கூறுகின்றன. எண்பது வயதுப் பாட்டிக்கு வீட்டு வாசற்படியே வழி. செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு அவர் வரப்போவதில்லை. வழிமறித்து வாங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் நமக்குத் தோன்றவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. படித்த இளைஞர்களே அதை எடுத்துவைக்கிறார்கள். ஒரு தீனாருக்கு ஓர் ஆடு வாங்கி வரும்படி உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அனுப்பினார்கள். அவர் இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டு வந்தார். நபியவர்கள் அவருடைய வணிகத்தில் பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள். ஆகவே நூற்றுக்கு நூறு இலாபமும் கூடும் என்கிறார்கள். கூடும்தான். இலாபத்திற்கு மார்க்கம் வரம்பு கட்டவில்லை. அந்தச் செய்தியில் எவருடைய அறியாமையும் விலைபேசப்படவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏமாற்றுச் சொல் இல்லாதபோது பெருத்த விலை வேறுபாடு மட்டுமே விற்பனையை முறிக்காது என்று நம் சட்ட நூல்கள் கூறுவதும் உண்மை. அனாதைகளின் சொத்துக்கும் வக்ஃபுக்கும் அந்த விலக்கு இல்லை என்று அடுத்த வரியிலேயே உஸ்மானியரின் மஜல்லா கூறுவதை மறந்துவிடக் கூடாது. தீர்ப்பில் செல்லும் விற்பனை வேறு, அல்லாஹ்விடம் பதில் சொல்ல ஏற்ற விற்பனை வேறு.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் செய்தியை எத்தனை முறை பாடம் நடத்தினாலும் நம் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கிறோம். அவருக்காக முந்நூறு திர்ஹமுக்கு ஒரு குதிரை வாங்கப்பட்டது. பணம் பெற வந்த உரிமையாளரிடம், "உம் குதிரை இதைவிட மதிப்புள்ளது" என்று வாங்கியவரே சொல்லிச் சொல்லி விலையை உயர்த்தி எண்ணூறு கொடுத்தார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் பைஅத் செய்திருக்கிறேன் என்பதே அவர் சொன்ன காரணம். எல்லாரும் ஜரீர் ஆகிவிட முடியாது என்று சிரிப்பவர்களுக்கு நாம் சொல்வது சிறிது: எண்ணூறு தர வேண்டாம், இன்றைய விலை இவ்வளவு, எனக்கு இவ்வளவு இலாபம் வைத்துக் கேட்கிறேன் என்று வாய் திறந்து சொல்லுங்கள். அதன்பின் பாட்டி எந்த விலைக்குக் கொடுத்தாலும் அது மனமொப்பிய விற்பனை. மாற்று மதத்து அண்டை வீட்டாரிடமும் இதுவே முறை. நம் தறிக்கூடங்களில் யார் எந்த மதம் என்று பார்த்தா நூல் பாவு போடுகிறோம்?

விற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பாட்டனார் மறைந்தபின் பெட்டியில் இருக்கும் காசு, பெட்டி இருக்கும் வீட்டுக்காரருக்கு மட்டும் உரியதன்று. பாட்டிக்குப் பங்கு உண்டு. கட்டிக்கொடுத்த அத்தைமாருக்குப் பங்கு உண்டு. தகப்பனை இழந்த சிறுபிள்ளை வாரிசாக இருந்தால் அது யதீமின் பொருள். பேரன் ரகசியமாக நான்கு காசை எடுத்து விற்பதும், அதைத் தெரிந்தே ஒருவர் வாங்குவதும் எவ்விதத்திலும் ஆகாதவை. பழைய வீட்டை இடிக்கும்போது சுவரில் காசுக் கலயம் கிடைத்தால் அது கொத்தனாருக்குக் கிடைத்த புதையல் என்ற பேச்சும் தவறு. ராஜா தலை பொறித்த காசு நேற்றைய தலைமுறையுடையது. அந்த வீட்டாரின் வாரிசுகளைத் தேடித் தருவதே கடமை. மண்ணில் புதைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் சொல்கிறது.

இணையத்தில் "இந்த ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம்" என்று வரும் விளம்பரங்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. முன்கட்டணம் கேட்பவர் திருடர். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே தன் பெயரைச் சொல்லி இவ்வாறு பணம் பறிப்பவர்களைப் பற்றி எச்சரித்துவிட்டது.

பெண்களுக்கு ஒரு செய்தி. பழைய வெள்ளியைக் கொடுத்துப் புதுக்கொலுசு வாங்குவது நம் பகுதி வழக்கம். வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும். கூடக்குறைய மாற்றுவது ரிபா. கைபரின் உயர்ந்த பேரீச்சம்பழத்தை மட்டமான பழம் இரண்டு பங்கு கொடுத்து வாங்கி வந்தபோது, முதலில் மட்டத்தைத் திர்ஹமுக்கு விற்று, அந்தத் திர்ஹத்தால் நல்லதை வாங்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். காசை விற்றுப் பணத்தைக் கையில் பெறுங்கள். பிறகு அதே கடையிலோ வேறு கடையிலோ கொலுசு வாங்குங்கள்.

இனி ஜகாத். "அது பாட்டி காலத்துக் காசு, ஆசைக்கு வைத்திருக்கிறோம்" என்ற பதில் வெள்ளிக்குப் பொருந்தாது. வெள்ளி விற்பனைக்கு இல்லாவிட்டாலும் நிஸாபை அடைந்து ஓராண்டு சென்றால் ஜகாத் கடமை. 1939 வரையிலான ரூபாய் ஒரு தோலா என்பதால் கணக்கு எளிது. ஐம்பத்திரண்டரைத் தோலா, அதாவது 612.36 கிராம், நம் ஹனஃபி ஆலிம்கள் கொள்ளும் நிஸாப். கலப்பைவிட வெள்ளி மிகுந்த காசு வெள்ளியாகவே கருதப்படும் என்பதால் 53 காசு இருந்தாலே நிறைந்துவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் தனி வெள்ளியின் எடையே கணக்கு. 595 கிராம் என்று கொண்டால் 56 காசு. வீட்டிலுள்ள கொலுசு, பாத்திரம், ரொக்கம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது இதில் பாதி காசிருந்தாலும் போதுமாகிவிடலாம். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் தனி வெள்ளி 5.83 கிராம் மட்டுமே. ஆகவே பெட்டியைத் திறப்பவர் முதலில் ஆண்டைப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்து, தனித்தனியே எடைபோட்டு, அன்றைய வெள்ளி விலையோடு ஒரு தாளில் குறித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடட்டும். கண் தெரியாத பாட்டிக்கு அந்தத் தாளை ஒருமுறை வாசித்தும் காட்டட்டும்.